ஷார்ட் இருக்குதுன்னாங்க

ஜூன் 11, புதன்

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் யாரையாவது அறைந்துவிடுவேன் போலிருக்கிறது.

பிளஸ் டூவுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிடுவதாக ஆள் வந்தது. மில்லில் என் வீட்டுக்காரருக்கு ஷாக் அடித்துவிட்டதாம், கோயமுத்தூர் கொண்டுபோகிறார்களாம், அண்ணன் பள்ளிக்கூடத்துக்கே போன் செய்திருக்கிறான். உடுமலையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். பக்கத்தில் நின்ற ஒருத்தி தன் மருமகளைப் பற்றிப் பொள்ளாச்சி வரை குறை சொன்னாள். இறங்கிப் போ என்று கத்த வேண்டும் போல இருந்தது.

இவருக்கு வலது கை முழுக்கக் கட்டு. தூக்கி எறியப்பட்டு விழுந்ததில் பின்மண்டையிலும் அடி. இன்னும் கண் திறக்கவில்லை.

அண்ணன் நாச்சிமுத்து வாசலிலேயே காத்திருந்தான். அந்த நூல் மில்லில் அவன்தான் எலக்ட்ரிகல் மேனேஜர். இவருக்கு அங்கே சூப்பர்வைசர் வேலை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். சட்டையெல்லாம் கரி.

"கை மட்டுந்தா கண்ணு. உசுருக்கு ஒண்ணுமில்ல. நானிருக்கறேன்ல."

"எப்படீண்ணா ஆச்சு?"

"ஒரு அம்மீட்டர் ரிப்பேரு, முள்ளு ஜீரோவுலயே சிக்கிக் கெடந்துச்சு. மாத்தறப்ப மாப்ள அவசரப்பட்டுட்டாரு. நான் ஆபீஸ்ல இருந்தேன்."

அவசரப்படுகிற மனிதரா இவர்? கேஸை மூடிவிட்டுச் செருப்புப் போட்ட பிறகும் திரும்பி வந்து ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்ப்பவர். அதற்காக நான் எத்தனை சினிமாவின் ஆரம்பத்தைத் தவறவிட்டிருக்கிறேன்.

மில்லின் ஜி.எம். வந்தார். இஸ்திரி கலையாத சட்டை. "சேஃப்டி விஷயத்துல நம்ம மில் ரொம்ப ஸ்ட்ரிக்ட் மேடம்" என்றார். உள்ளே ஒரு மனிதன் கட்டோடு கிடக்கிறான். இந்த ஆள் மில்லுக்கு நற்சான்றிதழ் வாசிக்கிறார்.

ஜூன் 12, வியாழன்

இரண்டு விரல்கள் போய்விட்டன. ஆள்காட்டி விரல், நடுவிரல். எடுப்பதற்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டது நான்.

ஜூன் 14, சனி

இன்று பேசினார். மருந்து மயக்கம் முழுதாகத் தெளியவில்லை. என்னைப் பார்த்தார், ஆனால் என்னிடம்தான் பேசினார் என்று சொல்ல முடியாது.

"ஷார்ட் இருக்குதுன்னாங்க" என்றார். மறுபடியும், "ஷார்ட் இருக்குதுன்னாங்களே."

அப்படியென்றால் அந்த மீட்டர் மாட்டியிருந்த மின் பேனலில் ஷார்ட் சர்க்யூட் இருந்திருக்கிறது. மில்லுக்கு அது முன்பே தெரிந்தும் இருக்கிறது. தெரிந்தே இவரை அதில் கைவைக்க விட்டிருக்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும், ஷார்ட் ஆனால் என்ன ஆகும் என்று. வருடா வருடம் நான்தானே சொல்லிக் கொடுக்கிறேன்.

அண்ணன் வந்ததும் சொன்னேன். கொண்டுவந்த சாத்துக்குடிப் பையை வைக்க இடம் தேடுகிறவன் மாதிரி அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். மேஜை அவன் எதிரிலேயே இருந்தது.

"வேற என்ன சொன்னாரு?"

"அவ்வளவுதா."

"மயக்கத்துல ஒளறுவாங்க கண்ணு. அத யாருகிட்டயும் சொல்லீட்டிருக்காத."

பாவம், அவனும் தூங்கியே நாளாகியிருக்கும்.

மாலையில் மில் பிட்டர் ஆறுச்சாமி வந்தார். "நாச்சிமுத்து சார்தானுங்க தோள்ல தூக்கிப் போட்டுட்டு ஓடியாந்தாரு. ஆம்புலன்ஸ்ல நான் ஏறிக்கிட்டேன். சார் அப்பறமாக் கார்ல வந்தாருங்க" என்றார். நல்லவேளை, அண்ணன் பக்கத்தில் இருந்தான். ஆனால் அந்த நேரத்தில் ஆபீசில் இருந்ததாக அல்லவா அவன் சொன்னான்? ஆபீசிலிருந்து ஓடி வந்திருப்பான். ஆபீசும் பேனல் ரூமும் பக்கம் பக்கமாகத்தான் இருக்கும்.

ஜூன் 17, செவ்வாய்

வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன். ஆற்றுத் தண்ணீர் விடுகிற நாள், தொட்டி நிரப்பினேன். மகள் மிதுனா அத்தை வீட்டிலிருந்தே பள்ளிக்கூடம் போகிறாள். அண்ணன் மனைவி பத்மாவதிதான் அவளுக்கு அத்தை, எனக்கு நங்கை. நல்லவள். பிள்ளைக்குத் தலை பின்னி, டிபன் கட்டி அனுப்புகிறாள்.

மதியம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினால் கட்டிலின் மேல் ஒரு கவர். மில் அனுப்பிய மெமோ. "மேலதிகாரியின் அனுமதி இன்றி, மின்சாரத்தை நிறுத்தாமல், உரிய முன்னேற்பாடு செய்யாமல், ஐந்தாம் பேனலின் அம்மீட்டர் இணைப்பைத் தன்னிச்சையாகக் கழற்றியதால்…" விளக்கம் கேட்டிருக்கிறார்கள். ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும் மனிதனிடம் விளக்கம். கொண்டுவந்த ஆள் அதை அவர் மார்பின் மேல் வைத்துவிட்டுப் போனானாம். நர்ஸ்தான் எடுத்துக் கட்டில் ஓரத்தில் வைத்தாளாம்.

கிழித்துப் போட்டிருப்பேன். இவர் இடது கையை நீட்டி வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"உங்களுக்குக் கோவமே வராதா?" என்றேன்.

"வலிக்குது கோகிலா. பேசாத இரு."

ஜூன் 20, வெள்ளி

அரை நாள் லீவு போட்டுவிட்டு மில்லுக்கே போனேன். அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பான்.

ஜி.எம். முன்னால் உட்கார்ந்து கேட்டேன். "பேனல்ல ஷார்ட் இருந்திருக்கு. தெரிஞ்சே அவரை வேலை செய்ய விட்டிருக்கீங்க. இப்ப அவருக்கே மெமோ குடுக்கறீங்க. உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா?"

அந்த மனிதர் சிரித்தார். வாய்விட்டு இல்லை. மூக்கால்.

"நீங்க பிசிக்ஸ் டீச்சர்னு சொன்னாங்களே? மேடம், அது சி.டி. கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர். அதுல ஷார்ட் இருந்திருந்தா உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணுமே ஆயிருக்காது. ஷார்ட் இல்லாததுதான் பிரச்சினை. அதைப் போடாமக் கழட்டினது யார் தப்பு?"

 இருபது வருடம் மின்மாற்றிப் பாடம் எடுத்தவளுக்குப் பதில் தெரியவில்லை. எழுந்து வந்துவிட்டேன். கேட்டில் வாட்ச்மேன் கையெழுத்துக் கேட்டான். பேனாவை அழுத்தியதில் தாள் கிழிந்தது.

ஜூன் 23, திங்கள்

கல்லூரியில் என்னோடு படித்த ரெஜினா இப்போது பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் பிரிவில் இருக்கிறாள். மாலையில் அவளுடைய லேபுக்குப் போனேன். நலம் விசாரிக்க விடவில்லை. "சி.டி.ன்னா என்ன, எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றேன்.

"நீ பாடம் எடுக்கற டிரான்ஸ்ஃபார்மருக்கு என்ன குடுக்கறே?"

"வோல்டேஜ். இருநூத்தி முப்பது."

"துணைச்சுருள்ல ஒண்ணும் மாட்டாம விட்டா?"

"சும்மா இருக்கும். மின்னோட்டம் போகாது."

"ரெண்டு முனையையும் ஒண்ணாச் சேத்தா?"

"ஷார்ட். எரிஞ்சு போகும்."

"அது வோல்டேஜ் மூலத்துல மாட்டினது. திறந்து விட்டா சாது, சேத்தா நெருப்பு. இப்ப இதைப் பாரு."

இரும்பில் செய்த தடித்த வளையம் ஒன்றை எடுத்து வைத்தாள். மேலே செப்புக் கம்பி சுற்றியிருந்தது. நடுவிலிருந்த ஓட்டை வழியாக என் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு கேபிளை நுழைத்தாள்.

"இந்தக் கேபிள்ல எவ்வளவு மின்னோட்டம் போகணும்னு யாரு முடிவு பண்றா? வளையமா? இல்ல. அந்தப் பக்கம் ஓடற ஸ்பின்னிங் மிஷினுங்க. அதுக எண்ணூறு ஆம்பியர் இழுத்தா எண்ணூறு ஓடும். வளையத்துல நீ என்ன பண்ணினாலும் அது குறையாது. அதுக்குத் தக்கன ஒரு நாலு ஆம்பியர் இந்தச் சுருள்ல ஓடி, அம்மீட்டர் முள்ளை நகத்தும். இங்க மூலம் வோல்டேஜ் இல்ல, கோகி. மின்னோட்டம். இப்ப நீ அம்மீட்டரைக் கழட்டினா?"

"பாதை இல்ல. நின்னுரும்."

"எங்க நிக்கும்? கேபிள்ல எண்ணூறும் அப்படியேதான ஓடுது? அதை எதிர்த்து ஈடுகட்டச் சுருள்ல ஓட்டம் இல்லன்னதும், அத்தனையும் இந்த இரும்பைக் காந்தமாக்கறதுல இறங்கிடும். முனையில வோல்டேஜ் ஏறும். ஆயிரம், ரெண்டாயிரம்னு ஏறும். வழி கெடைக்கிற வரைக்கும் ஏறும். காத்துல பொறியாத் தாவும், இல்லன்னா பக்கத்துல எந்தக் கை இருக்கோ அது வழியாப் போகும்."

நான் அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப எப்படித்தான் மீட்டரை மாத்தறது?"

"முதல்ல ரெண்டு முனையையும் ஒரு பட்டையால சேத்து ஷார்ட் பண்ணிடணும். ஓட்டத்துக்குப் பாதை கெடைச்சிருச்சு, வோல்டேஜ் ஏறாது. அப்பறம் மீட்டரைத் தாராளமாக் கழட்டலாம். இங்க ஷார்ட்டுதான் பாதுகாப்பு. ஷார்ட் போட்டா மீட்டர் முள்ளு ஜீரோவுக்கு விழுந்துரும். அதைப் பாத்தும் உறுதி பண்ணிக்கலாம்."

இவர் மாற்றப் போனதே முள் ஜீரோவில் சிக்கிக் கிடந்த மீட்டரைத்தான். பார்த்து என்ன உறுதி செய்ய முடியும்?

ரெஜினா டீ வாங்கி வரச் சொன்னாள். நான் குடிக்கவில்லை.

ஷார்ட் இருக்குதுன்னாங்க. இவர் பழுதைச் சொல்லவே இல்லை. பாதுகாப்பைச் சொல்லியிருக்கிறார். பட்டை போட்டாச்சு, கழற்றலாம் என்று யாரோ இவரிடம் சொல்லியிருக்கிறார்கள். இவர் நம்பிக் கழற்றியிருக்கிறார்.

யார்? ஆறுச்சாமியாக இருக்கலாம். வேறு பிட்டர் யாராவது இருக்கலாம். அண்ணன் ஆபீசில் இருந்தான்.

ஜூன் 24, செவ்வாய்

மாவு அரைத்தேன். நங்கை போன் செய்தாள். மிதுனாவுக்குச் சளி என்றாள். பிறகு, "அன்னிக்கு உங்கண்ணன் ஆபீஸ்லதா இருந்தாங்க கோகிலா" என்றாள். நான் அதைக் கேட்கவே இல்லை.

ஜூன் 28, சனி

வீட்டுக்கு வந்துவிட்டார். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டு, கண் பட்டிருக்கும், பூசணிக்காய் சுற்றிப் போடு என்றார்கள். பூசணிக்காயை யார் தலையில் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

எல்லாரும் போனபின் கேட்டேன். "ஷார்ட் இருக்குதுன்னு ஆருங்க சொன்னது?"

டிவியைப் பார்த்துக்கொண்டே, "ஞாபகமில்ல" என்றார்.

பதினைந்து வருடத்துக்கு முன்னால் பெண் பார்க்க வந்தபோது நான் கட்டியிருந்த புடவையின் பார்டர் நிறம் வரை ஞாபகம் வைத்திருப்பவர். டிவியில் ஓடிக்கொண்டிருந்தது ஏலக்காய் டீ விளம்பரம்.

"ஆறுச்சாமியா?"

"அவன் பாவம், அவன எதுக்கு இழுக்கறே?"

"அப்ப ஆரு?"

"சோறு போடு கோகிலா."

போட்டேன். இடது கையால் கரண்டி பிடிக்கப் பழகவில்லை. நான் ஊட்டப் போனேன், தலையைத் திருப்பிக்கொண்டார். சரி, பட்டினி கிட என்று தட்டை வைத்துவிட்டு வந்தேன். பிறகு எட்டிப் பார்த்தேன். குனிந்து, தட்டோடு வாய் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஜூலை 4, வெள்ளி

அண்ணன் வந்தான். கையில் டைப் செய்த தாள் ஒன்று. வியாழக்கிழமை மில்லில் விசாரணை, அரசு மின் ஆய்வாளரும் வருகிறாராம்.

"மாப்ளைக்கு இப்ப எழுத முடியாதுல்ல. இத அப்படியே உன்ற கையெழுத்துல எழுதிக்குடு கண்ணு. அவரு எடது கைப் பெருவிரல வெச்சாப் போதும்."

வாசித்தேன். 'நான் யாரிடமும் கேட்காமல், ஷார்ட் பட்டை போடாமல், என் கவனக்குறைவால் கழற்றிவிட்டேன். மன்னிக்க வேண்டும்.'

நான் எழுத வேண்டுமாம். என் புருஷன் அதில் கைநாட்டு வைக்க வேண்டுமாம்.

இவர் சொன்னார், "எழுதிக் குடுத்துரு."

அண்ணனைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவன் வண்டிச் சாவியைத் தேடினான். சாவியை நான் எடுத்துக்கொண்டேன்.

"அன்னிக்கு நீ எங்க இருந்தே?"

"சொன்னேன்ல, ஆபீஸ்ல…"

"ஆபீஸ்ல இருந்தவன் சட்டையில எப்படிண்ணா கரி?"

அவன் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான்.

"பட்டை போட்டேன்னு சொன்னது நீதான?"

வண்டி சீட்டைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"போட்டேன் கண்ணு. சத்தியமாப் போட்டேன். எட்டுப் பேனல் வரிசையா நிக்குது. முன்னாடி நம்பர் இருக்குது. பின்னாடி பெயிண்ட் அடிச்சப்ப நம்பர மறைச்சுட்டானுங்க. நான் பின்னாடி போயி அஞ்சாவதுன்னு எண்ணிப் போட்டேன். போட்டாச்சு மாப்ள, கழட்டுன்னு கத்துனேன். பின்னாடி போனா எடவலம் மாறுமில்ல? அது நாலாவது. நாலாவதுக்குப் போட்டுட்டேன்."

"எப்பத் தெரிஞ்சது?"

"மாப்ளய ஆம்புலன்ஸ்ல ஏத்தீட்டு ரூமுக்குத் திரும்பப் போனேன். நாலாம் பேனல்ல முள்ளு ஜீரோவுல கெடந்துச்சு. மிஷினெல்லாம் ஓடீட்டிருக்குது, முள்ளு மட்டும் ஜீரோ. அப்பத்தா."

"பாத்துட்டு என்ன பண்ணினே?"

"கழட்டிட்டேன்."

"எத?"

"பட்டைய."

சாவியை அவன் மேல் எறிந்தேன். எங்கே பட்டது என்று பார்க்கவில்லை. எண்ணிக்கை தப்பியது மனுஷத் தப்பு. என் வகுப்பில் தினமும் யாராவது தப்பாக எண்ணுகிறார்கள். ஆனால் இவர் விரல்கள் கருகி ஆம்புலன்ஸில் போய்க்கொண்டிருந்தபோது, திரும்பி நடந்து போய், ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, நிதானமாக ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றியிருக்கிறான். அதன் பிறகு காரில் வந்து, "நானிருக்கறேன்ல" என்றிருக்கிறான்.

"ரெண்டு பேரும் வெளிய போயிட்டா ஆருக்கு லாபம் அம்முணி? நான் உள்ள இருந்தாத்தா மாப்ளைக்கு ஒக்காந்து பாக்கற வேலையா வாங்கித் தர முடியும். மிதுனாவ நெனச்சுப் பாரு."

"அவ பேர உன்ற வாயால சொல்லாத."

போய்விட்டான். உள்ளே வந்து டைப் செய்த தாளை அடுப்பில் போட்டேன். இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பேனல் நான்கு, எண்ணியது, கழற்றியது எல்லாம் சொன்னேன். கழற்றியது மட்டும் இவருக்குத் தெரிந்திருக்கவில்லை. முகம் ஒரு மாதிரியானது. பிறகு வழக்கமான முகம் திரும்பிவிட்டது.

ஜூலை 5, சனி

காலையிலிருந்து சண்டை.

"வெளியாளா கோகிலா? உன்ற அண்ணன். அப்பா போனப்பறம் உன்னயப் படிக்க வெச்சு, நம்ம கல்யாணத்தயும் முன்ன நின்னு நடத்துனவரு. அவர நான் எப்புடிக் காட்டிக் குடுக்கறது?"

"எனக்காகவா?"

"உனக்காகத்தா."

"என்னயக் கேட்டீங்களா? எனக்காக ஊமையா இருக்கப் போறேன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? நாளைக்கு மிதுனாகிட்ட ஆராவது உங்கப்பன் தொழில் தெரியாம வெரல விட்டவன்னு சொல்லுவாங்க. அதுவும் எனக்காகத்தானா?"

 இவருடைய நல்ல மனதைக் கண்டால் எனக்கு இப்போது அருவருப்பாக இருக்கிறது. எழுதியதை அடிக்கப் போவதில்லை. அப்படித்தான் இருக்கிறது.

கடைசியில் ஒன்றுக்கு ஒப்புக்கொண்டேன். விசாரணைக்கு நானும் வருவேன். இவர் வாயால் சொல்வதை மட்டும் எழுதுவேன். யாரோ தயாரித்ததை எழுத மாட்டேன்.

ஜூலை 10, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன். 

மில்லின் மீட்டிங் ரூம். ஒரு பக்கம் ஜி.எம்., அண்ணன். நடுவில் மின் ஆய்வாளர், ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாத மனிதர். இந்தப் பக்கம் இவரும் நானும். என் முன்னால் வெள்ளைத் தாள். கை முடியாதவருக்கு எழுத மனைவியை அனுமதிக்க ஜி.எம். முதலில் மறுத்தார். ஆய்வாளர், "எழுதட்டும், பரவாயில்ல" என்றார்.

"சொல்லுங்க சென்னியப்பன். அன்னிக்கு என்ன நடந்தது?"

இவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேனாவைத் திறந்து வைத்திருந்தேன்.  

ஆய்வாளர் அண்ணன் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க."

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. "அவரு நல்ல ஒழைப்பாளிங்க சார். ஆனா சி.டி. விஷயமெல்லாம் அவருக்குச் சரியாத் தெரியாதுங்க. சாதாரண ஒயருன்னு நெனச்சுக் கழட்டிட்டாரு. ஷார்ட் போடணும்ங்கறதே அவருக்குத் தெரிஞ்சிருக்காதுங்க."

இவர் தலை நிமிர்ந்தது.

இத்தனை நாள் நான் கத்தியும் அழுதும் எழாத ஏதோ ஒன்று அந்த முகத்தில் எழுந்தது. கட்டுப்போட்ட கையை மேஜை மேல் தூக்கி வைத்தார். சத்தம் கேட்டது. வலித்திருக்கும்.

"எனக்கு ஷார்ட் போடணும்னு தெரியாதா மச்சாங்?"

மில்லுக்குள் எப்போதும் சார் என்றுதான் கூப்பிடுவார். ஜி.எம். ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆய்வாளர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஷார்ட் போட்டாச்சுங்களான்னு உங்ககிட்ட ரெண்டு தடவ கேட்டது ஆரு? போட்டாச்சு மாப்ள, கழட்டுன்னு பேனலுக்குப் பின்னாடியிருந்து கத்துனது ஆரு? அதுக்கு முன்னாடி, மிஷின நிறுத்திட்டுப் பண்ணலாங்கன்னு ஜி.எம். சார்கிட்டப் போன்ல கேட்டது நானில்லீங்களா? ஒரு மீட்டருக்காக மில்ல நிறுத்தச் சொல்றயான்னு அவரு போன வெச்சது மறந்துபோச்சுங்களா? என்ற வெரலு போச்சு, போகட்டும். தொழில் தெரியாதவன்னு மட்டும் சொல்லாதீங்க மச்சாங். நாலாவதுல போட்ட பட்டைய ஆரு கழட்டுனது? நானா?"

ஆய்வாளர் அண்ணனைப் பார்த்தார். "நாலாவது பேனல்ல பட்டை போட்டீங்களா?"

அண்ணன் வாய் திறந்து திறந்து மூடியது. சிறு வயதில் அப்பாவிடம் மாட்டிக்கொண்டால் இதே மாதிரிதான் நிற்பான். நான் அவனைப் பார்க்கக் கூடாது என்று தாளைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"ஆமாங்க" என்றான்.

"எழுதுங்கம்மா" என்றார் ஆய்வாளர் என்னிடம். "அவர் சொன்னதை, சொன்னபடியே."

எழுதினேன். இவர் இடது கையால், கோணல் மாணலாக, தன் பெயரைத் தானே எழுதினார். கைநாட்டு வைக்கவில்லை. எத்தனை நேரம் ஆனதோ தெரியாது, எல்லாரும் காத்திருந்தார்கள். ஜி.எம். இரண்டு முறை போனை எடுத்துப் பார்த்தார். காத்திருக்கட்டும்.

ஜூலை 15, செவ்வாய்

மெமோவைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். கை ஆறியதும் ஸ்டோரில் வேலை என்று சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் சஸ்பெண்ட். பேனல்களின் பின்பக்கம் நம்பர் எழுதியாகிவிட்டது என்று ஆறுச்சாமி சொன்னார். ஒரு டப்பா பெயிண்டும் ஒரு பிரஷும் போதுமாயிருந்திருக்கிறது.

ஜி.எம். இன்னும் ஜி.எம்.தான். அவர் போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லையாம். ஆய்வாளர் எழுதிக்கொண்டு போயிருக்கிறார். பார்க்கலாம் என்கிறார்கள். இந்த ஊரில் 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

நங்கை போன் செய்தாள். "கூடப் பொறந்தவனக் கொண்டுபோயி நிறுத்திட்டயே, நீயெல்லாம் ஒரு பொம்பளயா?" நான் பதிலுக்குச் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். மிதுனாவின் ஒரு செட் யூனிஃபார்ம் இன்னும் அங்கேயே இருக்கிறது. கேட்கப் போவதில்லை. புதிது தைத்துக்கொள்ளலாம்.

ஜூலை 21, திங்கள்

பிளஸ் டூவில் மின்மாற்றிப் பாடம். புத்தகத்தில் சி.டி. இல்லை. நானாகச் சேர்த்து எடுத்தேன். போர்டில் வளையம் வரைந்து, 'மூலம் மின்னோட்டமானால் திறக்காதே' என்று எழுதினேன். சாக்பீஸ் உடைந்தது. பரீட்சைக்கு வருமா மிஸ் என்று கேட்டாள் ஒருத்தி. வராது என்றேன். பாதிப் பேர் நோட்டை மூடினார்கள். திறக்க வைத்து எழுதச் சொன்னேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு நோம்பி. சமைக்கவே கூடாது என்றிருந்தேன். மிதுனாவுக்காக வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டேன். அவள் ஒன்றுகூட எடுக்கவில்லை.

மதியம் வாசலில் வண்டிச் சத்தம். அண்ணன். நங்கை வரவில்லை. இவர்தான் எனக்குத் தெரியாமல் போன் போட்டு வரச் சொல்லியிருக்கிறார். "வாங்க மச்சாங்" என்றார், ஒன்றும் நடக்காதது போல. அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றான். சட்டை தோளில் தொங்கியது. கழுத்து எலும்பு தெரிந்தது. நான் அதையெல்லாம் கவனிக்கவில்லை. கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

நான் வா என்று சொல்லவில்லை. இலை மட்டும் போட்டேன். இவருக்கு ஒன்று, எதிரில் ஒன்று.

சோறு வைத்தேன், பருப்பு ஊற்றினேன். இவருக்குக் கச்சாயம் இரண்டு வைத்தேன், அவன் இலையில் நான்கு. மீந்து கிடக்கிறதே என்றுதான்.

இவர் இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட ஆரம்பித்தார். இப்போது பரவாயில்லை, பாதிதான் சிந்துகிறது. வலது கையை மறைக்காமல் மடியில் வைத்திருந்தார். புதுத் தோல், இளஞ்சிவப்பு. அண்ணன் இலையைத் தவிர வேறு எங்கும் பார்க்கவில்லை. சோற்றைப் பிசைந்தான், பிசைந்துகொண்டே இருந்தான். வாய்க்குப் போகவில்லை. கண்ணிலிருந்து ஒரு சொட்டு இலையில் விழுந்தது. இவர், "அழுவாதீங்க மச்சாங், விடுங்க" என்றார்.

எனக்கு அப்போது வந்த கோபம், விசாரணை நாளில்கூட வரவில்லை. விடுவதற்கு இவர் யார்? இவரே விட்டுக்கொண்டிருந்தால் நான் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது?

"அழுதா எந்திரிச்சுப் போயிரு" என்றேன். சாவியை எறிந்த அன்றைக்குப் பிறகு அவனிடம் நான் பேசிய முதல் வார்த்தை. "சாப்பிடறதானா சாப்பிடு. ஆனா எலையப் பாத்துட்டுச் சாப்பிடாத. அந்தக் கையப் பாரு. பாத்துட்டே சாப்பிடு."

இவர், "கோகிலா…" என்றார். நான் திரும்பவில்லை.

அண்ணன் தலையைத் தூக்கினான். பார்த்தான். அந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தான். மென்றான். விழுங்கக் கஷ்டப்பட்டான். இன்னொரு கவளம் எடுத்தான்.

ரசத்துக்குச் சோறு வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. வைத்தேன்.